குளிர்காலத்தில் சூரிச்சிலிருந்து ஒருநாள் பயணம்: எந்தப் பழைய ஊருக்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்

குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்துக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான்: டிட்லிஸ், யுங்ஃப்ராவ், பனியில் நின்று ஒரு போட்டோ. மலை நன்றாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வானிலை சரியில்லாத நாளில் அவ்வளவு பணம் கட்டி மேலே போய், மேகத்தைத் தவிர எதையும் பார்க்காமல் இறங்கி வரும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட நாட்களை ரைன் ஆற்றங்கரையிலும் போடன் ஏரிக்கரையிலும் இருக்கிற பழைய ஊர்களுக்குக் கொடுங்கள் என்பேன். வேலைக்காக சூரிச் பக்கம் வந்து தங்கிவிட்ட நான், ஒவ்வொரு குளிர்காலமும் தனியாகவோ வீட்டாரோடோ இந்த ஊர்களுக்குக் காலையில் கிளம்பி இரவு திரும்பியிருக்கிறேன். சுவிஸ் பக்கம் சில, எல்லை தாண்டி ஜெர்மன் பக்கம் சில. ரயிலில் நாமே போவதையும் பார்த்தாயிற்று, பேருந்தில் குழுவாக அழைத்துப் போகும் சுற்றுலாவையும் பார்த்தாயிற்று, இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயில், ஒரு நாளுக்கு ஒரு ஊர், முடிந்தால் வார நாள். பேருந்துச் சுற்றுலா குளிர்காலத்துக்குச் சரிப்படாது.

ஏன் என்றால் வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே காலை 8 மணி தாண்டிவிடும், சாயங்காலம் நாலரை சுமாருக்கு மறைந்துவிடும். கையில் இருப்பது எட்டரை மணி நேரம்கூட முழுசாக இல்லை. அம்மாவும் அத்தையும் ஒரு ஜனவரியில் வந்திருந்தபோது, குளிரில் அவர்களை ரயில் மாற்றி மாற்றி அலைக்கழிக்க வேண்டாமே என்று ஒரு நிறுவனத்தின் ஒருநாள் சுற்றுலாவில் பதிவு செய்தோம். ரைன் அருவி, ஜெர்மனியின் கருங்காட்டில் டிட்டிசே ஏரி, வரும் வழியில் ஸ்டைன் அம் ரைன், எல்லாம் ஒரே நாளில். இருட்டிலேயே கிளம்பினோம், அருவியில் இறக்கிவிட்ட நேரத்தில் பாதி கழிப்பறை வரிசையில் போனது, டிட்டிசேயில் குயில் கடிகாரக் கடையில்தான் அந்த நாளின் மிக நீண்ட நிறுத்தம், ஸ்டைன் அம் ரைனுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்த ஊருக்குப் போவதே வீட்டுச் சுவர் ஓவியங்களைப் பார்க்கத்தான், அது எதுவும் கண்ணில் படவில்லை. "ஏன்டா, இதுக்கா விடியறதுக்கு முன்னாடி எழுப்பிவிட்டே?" என்று அத்தை கேட்டார், எனக்குச் சொல்ல பதில் இல்லை. வழிகாட்டி நல்ல மனிதர், முடிந்ததைச் செய்தார். திட்டமே கோடைக்குப் போட்டது, அதை அப்படியே ஜனவரியிலும் விற்கிறார்கள், குறை அங்கேதான் இருக்கிறது.

இப்போது ரயில். சுவிஸில் வசிப்பவர்கள் உங்கள் ஊராட்சி அலுவலகம் வழியாக விற்கும் சேமிப்பு நாள் டிக்கெட்டைப் பாருங்கள். பத்து நாளுக்கு முன்பே எடுத்தால், பாதிக் கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கு இரண்டாம் வகுப்பு 39 பிராங்க், அட்டை இல்லாதவர்களுக்கு 52. அந்த விலையில் நாள் முழுக்க நாடு முழுக்க ரயில், பேருந்து, டிராம் எல்லாம் ஏறி இறங்கலாம். எண்ணிக்கை அளவோடுதான் விடுகிறார்கள், டிசம்பர் சனிக்கிழமைகளுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பல நாள் தங்குவதாக இருந்தால் சுவிஸ் டிராவல் பாஸ் வசதி, அதில் நிறைய அருங்காட்சியகங்களும் அடக்கம். இன்னொன்று: கொன்ஸ்டான்ஸ் ஜெர்மனியில் இருந்தாலும் அந்த ரயில் நிலையம் வரைக்கும் சுவிஸ் டிக்கெட்டிலேயே போய்விடலாம். இரண்டு நாடுமே எல்லைச் சோதனை வேண்டாத ஷெங்கன் பகுதிதான், ஆனாலும் பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அட்டையையோ வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து சுவிஸ் எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனை திரும்ப வந்துவிட்டது, ரயிலுக்குள்ளும் வந்து கேட்பார்கள்.

என் முதல் பரிந்துரை ஷாஃப்ஹவுசன். சூரிச் பிரதான நிலையத்திலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. வழியில் லோட்ஸ்டெட்டன், யெஸ்டெட்டன் என்று இரண்டு ஜெர்மன் ஊர்களுக்குள் ரயில் நுழைந்து வெளியே வரும், நிற்காது, பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால்தான் அவருக்கே தெரியும். ரைன் அருவி இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிற பழக்கம்தான் எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் அந்த அருவி இல்லாவிட்டால் ஷாஃப்ஹவுசன் என்ற ஊரே இருந்திருக்காது. ஏரியிலிருந்து சரக்கோடு வரும் படகுகள் அருவியைத் தாண்ட முடியாது, ஆகவே இங்கே இறக்கி, வண்டியில் ஏற்றி, அருவிக்குக் கீழே திரும்பப் படகில் ஏற்ற வேண்டும். உப்பு, தானியம், எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு கூலி, ஒரு வரி, ஒரு கிடங்கு. 1045-லேயே நாணயம் அடிக்கும் உரிமை வாங்கிவிட்ட ஊர் இது. அந்தப் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் ஃபோர்ஷ்டாட் தெருவில் தலையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். வீட்டு முகப்பிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள மாட ஜன்னல்கள், பழைய ஊருக்குள் மட்டும் 171 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனைவிட என்னுடையது ஒரு படி மேல் என்று வணிகர்கள் போட்டி போட்டுக் கட்டியது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அருவியைக் குளிரில் பார்ப்பதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. கோடையில் விநாடிக்கு 600 கன மீட்டர் போல ஓடும் தண்ணீர் குளிரில் 250 சுமாருக்கு இறங்கிவிடும், மலையில் பனி உறைந்து கிடப்பதால் வரத்து இல்லை. பிரம்மாண்டம் வேண்டும் என்றால் ஜூனில் வாருங்கள். எனக்குக் குளிர்கால அருவிதான் பிடிக்கும். தண்ணீர் குறையும்போது 150 மீட்டர் அகலத்துக்கும் பாறைகள் வெளியே தெரிகின்றன, அருவி எப்படி உடைந்து விழுகிறது என்று புரிகிறது, நடுவில் நிற்கும் பாறையைத் தண்ணீர் எந்த இடத்தில் அரித்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. கடுங்குளிர் நாட்களில் சாரல் கம்பிகளிலும் செடிகளிலும் உறைந்து நிற்கும். நோய்ஹவுசன் பக்கம் கட்டணம் இல்லை, எதிர்க்கரையில் லவுஃபன் கோட்டையிலிருந்து இறங்கிப் பார்க்கக் கட்டணம் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் நோய்ஹவுசன் பக்கமே போதும், 2015 கடைசியில் திறந்த புது ரயில் நிலையம் அருவிக்கு மேலேயே இருக்கிறது, லிஃப்ட் பிடித்துக் கீழே இறங்கலாம், முட்டிவலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. படகுச் சேவை குளிரில் மிகவும் குறைவு, அதை நம்பிப் போக வேண்டாம்.

அப்புறம் முனோட் கோட்டை. ஊருக்கு மேலே, திராட்சைத் தோட்டத்தின் நடுவே வட்டமாக நிற்கும். 1564-ல் தொடங்கி 1589-ல் கட்டி முடித்தது, நுழைவு இலவசம், குளிர்காலத்திலும் திறந்திருக்கும். உள்ளே போனால் கீழ்த்தளத்தில் தடித்த சுவர்களோடு, மேலே சின்னத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கும் பெரிய இருட்டு மண்டபம், அங்கிருந்து குதிரையில் ஏறிப் போகிற மாதிரி படியில்லாமல் சுழன்று ஏறும் பாதை. அகழியில் தண்ணீர் இல்லை, மான்கள் வளர்க்கிறார்கள். காவலர் இன்றும் கோபுரத்திலேயே குடியிருக்கிறார், தினமும் இரவு 9 மணிக்கு மணியைக் கையால் அடிக்கிறார். அந்தக் காலத்தில் ஊர்க் கதவை அடைக்கவும் சத்திரங்களை மூடவும் அடித்த மணி அது. கோடையில் 9 மணிக்கு வெளிச்சம் இருக்கும், குளிரில் ஊரே அடங்கிய பிறகு அந்தச் சத்தம் கேட்கும்போது அது எதற்கு அடித்தார்கள் என்று கேட்காமலே விளங்கும். அதற்காகவே ஒருமுறை கடைசி ரயில் வரை தங்கியிருக்கிறேன், தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

ஓவிய முகப்புள்ள ரிட்டர் வீட்டையும் ஆலர்ஹைலிகன் மடத்து அருங்காட்சியகத்தையும் விட வேண்டாம். 1944 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் ஜெர்மனி என்று நினைத்து இந்த ஊர்மீது குண்டு போட்டதில் 40 பேர் இறந்தார்கள், அருங்காட்சியகத்தில் இருந்த பழைய ஓவியங்களும் எரிந்தன. நடுநிலை நாட்டில் போர் தொடவே இல்லை என்று நினைத்திருந்த எனக்கு இது இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

ஸ்டைன் அம் ரைன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாஃப்ஹவுசனிலிருந்து சின்ன ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, நிலையத்திலிருந்து பாலம் தாண்டிப் பத்து நிமிட நடை. நகர்மன்றச் சதுக்கத்தைச் சுற்றி வீடு முழுக்க ஓவியம், அழகுக்குக் குறைவே இல்லை, பழைய கட்டடங்களைப் பேணும் ஊருக்குத் தரும் வாக்கர் பரிசை 1972-ல் முதலில் வாங்கிய ஊர். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் போனால் சங்க்ட் கியோர்கன் மடத்து அருங்காட்சியகம் மூடியிருக்கும், லிண்ட்வுர்ம் அருங்காட்சியகமும் மூடியிருக்கும், ஆற்றுக் கப்பல் ஓடாது, பாதி உணவகங்கள் விடுமுறையில் இருக்கும். அம்மாவை இரண்டாவது முறை பகலில் அழைத்துப் போனபோது, "ஊரு அழகா இருக்குடா, மனுஷங்களைத்தான் காணோம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள், மதிய வெளிச்சத்தில் போங்கள், ஓவியங்கள் பாதி நிழலில் இல்லாமல் தெரியும். டிசம்பரில் மட்டும் கதை வேறு, குழந்தைகளுக்கான கதைக் காட்சிகளும் சந்தையுமாக ஊர் நிறைந்திருக்கும். அதே சின்ன ரயிலில் தொடர்ந்து கிழக்கே போனால் ஸ்டெக்போர்ன், எர்மாட்டிங்கன் என்று ஏரியை ஒட்டியே கிரொய்ட்ஸ்லிங்கன் வரை வரும். கோடையில் எல்லோரும் கப்பலில் பார்க்கும் காட்சியைக் குளிரில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், இடது பக்கம் உட்காருங்கள்.

கொன்ஸ்டான்ஸ். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் சூரிச் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஊரை ஒரு கடைத்தெருவாக மட்டுமே பார்க்கிறார்கள். சலவைப் பவுடர், ஷாம்பு, சீஸ், வரி திரும்ப வாங்கும் ரசீது, சுங்கச்சாவடி வரிசை, வீடு. நானும் வாங்குகிறேன், விலை வித்தியாசம் அப்படி. கணக்கும் சொல்லிவிடுகிறேன்: ஜெர்மன் வரியைத் திரும்பப் பெற ஒரு ரசீதில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், 2025 ஜனவரி முதல் சுவிஸ் பக்கம் ஒரு ஆளுக்கு 150 பிராங்க் வரைதான் வரி கட்டாமல் கொண்டுவர முடியும், முன்பு 300 இருந்தது. சனிக்கிழமை போனால் அந்த நாள் வரிசையிலேயே போய்விடும். ஞாயிறு கடை கிடையாது, ஆனால் ஊரைப் பார்ப்பதற்கு ஞாயிறு நல்ல நாள்.

கொன்ஸ்டான்ஸ் ரயில் நிலையத்தை விட்டு இறங்கி ஏரிப் பக்கம் வந்தால் முதலில் தெரிவது 1388-ல் கட்டிய ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. செங்குத்தான கூரை, மரத்தூண்கள், இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் தாண்டி வந்த சரக்குக்காகக் கட்டியது. 1417 நவம்பரில் இந்தக் கிடங்குக்குள் அடைத்து வைத்துத்தான் கர்தினால்மார்களும் நாட்டுப் பிரதிநிதிகளும் ஐந்தாம் மார்ட்டினைப் போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் நானே போப் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைத் தீர்க்கத்தான் 1414 முதல் 1418 வரை ஐரோப்பாவே இந்தச் சின்ன ஊரில் வந்து உட்கார்ந்திருந்தது. அதே சபைதான் யான் ஹுஸ் என்ற செக் மதகுருவை, அரசர் சிகிஸ்முண்ட் பாதுகாப்பு வாக்குக் கொடுத்து வரவழைத்த மனிதரை, 1415 ஜூலை 6-ஆம் தேதி உயிரோடு எரித்தது. ஊர் மேற்கு வாசலுக்கு அப்பால் அந்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது, சுற்றிலும் சாதாரணக் குடியிருப்புத் தெரு. அவர் பெயரில் தெருவும் சின்ன அருங்காட்சியகமும் உண்டு, கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடம். ஷாப்பிங் பையோடு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

துறைமுகத்தின் முனையில் 9 மீட்டர் உயரத்தில் இம்பேரியா சிலை நிற்கிறது, நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரு பெண், இரண்டு கையிலும் இரண்டு குட்டி ஆண்கள், ஒருவன் தலையில் போப்பின் கிரீடம், மற்றவன் தலையில் பேரரசனின் கிரீடம். சிற்பி பீட்டர் லெங்க் 1993-ல் வைத்தபோது பெரிய சண்டையே நடந்தது, இப்போது அந்த ஊரின் அடையாளமே அதுதான். கோடையில் அந்தத் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. குளிரில் சிலை ஒரு முழுச்சுற்று வரும்வரை சுவர் ஓரமாக நிம்மதியாக நிற்கலாம், பிப்ரவரியில் வானம் தெளிந்தால் பின்னால் ஆல்ப்ஸ் வரிசை வெள்ளையாகத் தெரியும்.

அங்கிருந்து ஏரிக்கரை வழியாகவே சுவிட்சர்லாந்துக்கு நடந்து போங்கள். எல்லை வேலியை 2006-ல் எடுத்துவிட்டு, குறி சொல்லப் பயன்படும் டாரோ சீட்டு உருவங்களை வைத்து 22 உலோகச் சிற்பங்களை எல்லைக்கோட்டின்மீது 2007-ல் நிறுத்தினார்கள். காவல் இல்லை, கதவு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இதே இடத்தில் வேலி திரும்ப வந்தது, கைக்குக் கை எட்டுகிறது என்று இரண்டாவது வேலியும் போட்டார்கள், இரண்டு பக்கமும் காதலர்களும் தாத்தா பாட்டிகளும் வந்து நின்று தூரத்திலிருந்தே பேசிவிட்டுப் போனார்கள். பழைய ஊர் என்றால் 600 வருஷக் கதை மட்டும்தான் என்று நினைக்காமல் இந்தக் கோட்டில் ஒரு ஐந்து நிமிடம் நில்லுங்கள். குண்டு விழாத ஊர் என்பதும் கொன்ஸ்டான்ஸின் அதிர்ஷ்டம். சுவிஸ் ஊர்களைப் போலவே இரவில் விளக்கை அணைக்காமல் வைத்திருந்ததால் தப்பியது என்று உள்ளூரில் எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் நீடர்பர்க் சந்துகள் அப்படியே இருக்கின்றன.

நேரம் மிச்சம் இருந்தால் ஒன்றாம் நம்பர் பேருந்தில் ஷ்டாட் படகுத்துறைக்குப் போய் எதிர்க்கரையில் இருக்கும் மேர்ஸ்பர்க் ஊருக்குப் படகைப் பிடியுங்கள். 1928 முதல் ஓடும் கார்ப் படகு, இரவு பகல் வருஷம் முழுக்க நிற்பதே இல்லை, கால் மணி நேரப் பயணம். மற்றக் கப்பல்கள் கரையில் கட்டிக்கிடக்கும் மாதங்களில் ஏரியின் நடுவுக்குப் போக இதுதான் மலிவான வழி. மேர்ஸ்பர்கில் கீழ்த்தெருக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆனால் மேலே பழைய கோட்டை குளிரிலும் திறந்திருக்கும், இன்றும் ஆட்கள் குடியிருக்கிற கோட்டை. கவிஞர் அன்னெட்டே ஃபோன் ட்ரோஸ்டே ஹூல்ஸ்ஹோஃப் 1848-ல் இறந்த அறை அதில்தான் இருக்கிறது. உள்ளே வெளியைவிடக் குளிர் அதிகம், குளிர்ச்சட்டையைக் கழற்ற வேண்டாம்.

வானிலையைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை போடன் ஏரி, சூரிச் பக்கமெல்லாம் உயர்ந்த மூடுபனி ஒரு வாரம்கூட விலகாமல் நிற்கும். மழை இல்லை, பனியும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். வடகிழக்குக் காற்று அடித்தால் காட்டுகிற வெப்பநிலையைவிடப் பல மடங்கு குளிரும். போஸ்டரில் இருக்கிற பனிக் கூரைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இந்த ஊர்கள் 400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, விழுகிற பனி இரண்டு நாளில் கரைந்துவிடும். உள்ளே தெர்மல், காதை மூடும் தொப்பி, அடிப்பாகம் வழுக்காத ஷூ, இந்த மூன்றும் கட்டாயம். கல் பாவிய தெருக்களில் உப்பு போட்ட இடம் பார்த்து நடங்கள்.

பனி வேண்டும் என்றால் சென் காலன். சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம், உயரம் 700 மீட்டர் சுமார், சூரிச்சில் மழை பெய்கிற நாளில் அங்கே வெள்ளையாக இருப்பது சகஜம். பழைய ஊர்களில் குளிர்காலத்துக்கு என்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன், காரணம் மடத்து நூலகம். அயர்லாந்துத் துறவிகளோடு வந்த காலுஸ் 612-ல் இங்கே குடிசை போட்டார், 719-ல் மடம் வந்தது, அன்று முதல் எழுதிச் சேர்த்த ஏடுகள் சுமார் 2,100. அதில் 400 கையெழுத்துப் பிரதிகள் ஆயிரமாவது ஆண்டுக்கு முந்தியவை. இப்போதைய மண்டபம் 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. வாசலில் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ள கம்பளிச் செருப்பு கொடுப்பார்கள், மரத்தரையில் கீறல் விழாமல் இருக்க. வாசலுக்கு மேலே கிரேக்கத்தில் ஆன்மாவின் மருத்துவசாலை என்று எழுதியிருக்கிறது. ஓலைச்சுவடிகள் செல்லரித்துப் போனதையும் ஆற்றில் விட்டதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அறையில் நிற்கும்போது மனசு என்னவோ செய்யும். எனக்கு ஒவ்வொரு முறையும் செய்கிறது.

பக்கத்துக் கட்டடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைக்கனாவ் தீவு மடத்தில் வரைந்த ஒரு மடத்தின் வரைபடம் இருக்கிறது, கோழிக்கூடு, மூலிகைத் தோட்டம், மதுபானம் காய்ச்சும் இடம் வரை குறித்தது. அசலைச் சில விநாடிகள் மட்டும் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். நூலக மண்டபத்தில் ஷெப்பனேஸே என்ற எகிப்தியப் பெண்ணின் மம்மியும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அது அங்கே இருக்கலாமா, ஊருக்கு அனுப்ப வேண்டுமா என்று சில வருஷமாக விவாதம் நடக்கிறது. நான் அனுப்ப வேண்டும் என்ற பக்கம்தான். கிளம்பும் முன் திறந்திருக்கும் தேதிகளைப் பார்த்துவிடுங்கள், குளிரில் சில வாரம் மூடும் வழக்கம் உண்டு. டிசம்பர் என்றால் ஊர் முழுக்க 700 நட்சத்திர விளக்குகள் தொங்கும். மலை ரயிலில் ஏறி மேலே மூன்று குளங்கள் பக்கம் போனால், நல்ல குளிர் வருஷங்களில் குளம் உறைந்து பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. ஜெர்மன் பக்கம் கேஸ்ஷ்பெட்ஸ்லே, அதாவது முட்டை மாவில் செய்த சின்னச் சின்ன உருண்டைகளைச் சீஸோடு கிளறி மேலே வறுத்த வெங்காயம் போட்டது, வயிறு நிறையும். வெங்காயம் வைத்துச் சுட்ட பை (pie), மெல்லிய ரொட்டி எல்லாவற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், "ஓனே ஷ்பெக்", அதாவது பன்றி இறைச்சி இல்லாமல், என்று கேட்டு வாங்குங்கள். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் மாட்டெலும்புச் சாறில் செய்தது உண்டு, கேட்டால் சொல்வார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் சென் காலனில் கன்றிறைச்சி சாசேஜ் சாப்பிடலாம், கடுகுச் சாஸ் கேட்டால் முறைப்பார்கள், அங்கே அது வழக்கம் இல்லை. தெருமுனையில் சுட்ட செஸ்ட்நட் எல்லா ஊரிலும் கிடைக்கும், கையைச் சூடாக்கவும் உதவும். ஜனவரி முதல் கார்னிவல் வரை விற்கும், சர்க்கரை தூவிய, பெரிய அப்பளம் போல மெல்லியதாகப் பொரித்த பலகாரம் ஒன்று உண்டு, பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றிக் கேட்பீர்கள். வார நாள் சாயங்காலம் 4 முதல் 6 வரை போய்விட்டு வாருங்கள், போதும். கொன்ஸ்டான்ஸ் சந்தை துறைமுகம் வரை நீளும், லிண்டாவ் தீவில் சிங்கச் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் எதிரே போடுவது இன்னும் அழகு, ஆனால் அது வாரக் கடைசியில்தான். சூடான பானத்துக்குக் கொடுக்கும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். பொருட்கள் ஊருக்கு ஊர் ஒன்றேதான், அதற்காக இன்னொரு நாட்டுக்குப் போகத் தேவையில்லை.

என் கணக்கில் பிப்ரவரிதான் சிறந்த மாதம். சாயங்காலம் ஐந்தரை வரை வெளிச்சம், கூட்டம் இல்லை, மூடுபனி அடிக்கடி விலகுகிறது, கார்னிவலும் வருகிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை கொன்ஸ்டான்ஸில் கடைகள் மதியமே மூடிவிடும், இரவில் ஊரே வெள்ளை நைட் ஷர்ட் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகும். அன்றைக்கு ஷாப்பிங் போகாதீர்கள், ஊர்வலத்துக்குப் போங்கள். பாசலில் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை விடிகாலை 4 மணிக்கு ஊர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, லாந்தரும் மேளமும் குழலுமாக இறங்குவார்கள், அதற்கென்று இரவு சிறப்பு ரயில்களும் விடுகிறார்கள்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு பெர்ன். பழைய ஊர்த் தெருக்களின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு வளைவு கட்டி மேலே மூடிய நடைபாதை, மழையோ பனியோ தலையில் படாது. அங்கேயே டிராமில் சில நிமிடம் போனால் ஐரோப்பாப்ளாட்ஸில் 2014 கடைசியில் திறந்த சமயங்களின் இல்லம் இருக்கிறது, ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரம், நம் சைவக் கோயில். ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய கோயில், தமிழிலேயே வழிபாடு நடக்கிறது. அம்மா அன்றைக்கு முழுக்கப் பார்த்ததில் அதைத்தான் ஊருக்குப் போனில் முதலில் சொன்னார்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு அரை நாள்: லவுஃபன்பர்க். நெப்போலியன் காலத்தில் ரைனை எல்லையாக்கியபோது ஒரே ஊர் இரண்டு நாடாகப் பிரிந்தது, நடுவில் பழைய பாலம். 2003-ல் பக்கத்தில் புதுப் பாலம் கட்டியபோது, கடல் மட்டத்தை இரண்டு நாடும் வேறு வேறு கடலிலிருந்து அளப்பதால் வரும் 27 சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் தெரிந்தே வைத்திருந்தும் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் 54 சென்டிமீட்டர் விலகி நின்றது, ஜெர்மன் கரையில் இறக்கிச் சரி செய்தார்கள். 1958-ல் சுவிஸ், ஜெர்மன், பிரெஞ்சு மின் கட்டமைப்புகளை முதலில் ஒன்றாக இணைத்ததும் இந்த ஊரில்தான். பாசலிலிருந்து நேரடி ரயில் உண்டு, மதியத்துக்குள் போய்விடுங்கள், மேலே இடிந்த கோட்டைக்கு ஏறினால் இரண்டு ஊரும் ஒன்றாகத் தெரியும். காபியை ஜெர்மன் கரையில் குடியுங்கள், விலை குறைவு.